அண்ணனுக்குக் கொடுத்த செம்பரத்தம்பூத் தண்ணீர்

அம்மா விழுந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கையில் தோட்டத் தமிழர்களான எங்களுக்கு ஓட்டு இல்லை என்று சட்டம் வந்த மறு வருஷம் அது. நோர்வூட் டவுனிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. காலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அம்மா, நிரைக்குள் போய் நின்று கையை நீட்டினாள். வலது கை தேயிலைச் செடியின் மேல் அலைந்தது. ஒரு கொழுந்தும் விரலுக்குள் வரவில்லை. அடுத்த நிரையில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரில் கை மரத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் கூடையோடு சரிந்து உட்கார்ந்தாள்.

பாரிசவாதம் என்றார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் லயத்துக் காம்பராவின், தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றை அறையின், மூலையில் படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சில் ‘தண்ணி’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என்னைக் கூப்பிடவும் அதுதான். அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டி, அதற்கு நடுவில் மலைக்கும் கொழுந்து பறிக்கப் போய்வந்தேன். அந்த மூன்று வருஷத்தில் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி எனக்கு இப்போது வருத்தமில்லை. அப்போது இருந்தது.

அவள் விழுவதற்கு நாலைந்து மாதம் முன்பிருந்தே தலைவலி என்றும் பின்கழுத்து இறுக்கிப் பிடிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகும்போதெல்லாம் ஒரே மருந்தைத்தான் கொடுத்தார்கள். போத்தலில் கலக்கித் தரும் ரோஸ் நிறத் தண்ணீர். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அங்கே அப்போது இல்லை. இருந்திருந்தாலும் கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் கையில் அதைச் சுற்றியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அம்மாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று, இனி இந்த வீட்டில் யாரும் அந்த டிஸ்பென்சரி மருந்தைத் தொடக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணமான இரண்டாம் வருஷமே காய்ச்சலில் மனைவியைப் பறிகொடுத்தவர். மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோவார்.

அம்மா போய் ஆறேழு வருஷம் கழித்து ஒரு நாள் ஸ்டோரில் அவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. அரைபடும் கொழுந்தில் விழாமல் இருக்கச் சட்டையைக் கழற்றி முகத்தில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தாராம். டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஒரு டாக்டரய்யா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பாதரசம் ஏறி இறங்கும் கருவி ஒன்றையும் அவர் கூடவே கொண்டுவந்திருந்தார். அண்ணனின் கையில் அதைக் கட்டிப் பார்த்துவிட்டு, அழுத்தம் மிக அதிகம், கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டுவிடு, மாத்திரையை ஒரு நாளும் விடாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அண்ணன் இதையெல்லாம் ஊர்ச் சேதி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, காகிதத்தில் மடித்த மாத்திரைகளை அடுப்படியில் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், லயத்துக்கு முன்னால் ஓடும் கான் வாய்க்காலில் கொட்டினேன். மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

“அங்க குடுத்த மருந்தக் குடிச்சுக் குடிச்சுத்தான் அம்மா போனாங்க. இனிமே அத தொடமாட்டேன்னு எனக்குச் சொல்லுங்க அண்ணே,” என்றேன்.

அவர் கானில் போகும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு “சரி புள்ள” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டுக்கு இறங்கினேன். கடைத்தெருவில் மளிகையோடு மூலிகையும் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை ‘நானா’, அவர்கள் வழக்கத்தில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அண்ணனின் நிலையைச் சொன்னேன். காய்ந்த ஆவாரம்பூப் பொட்டலத்தைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்ப வைத்துவிட்டு, உங்கள் தோட்டத்திலேயே செம்பரத்தை இருக்குமே, அந்தப் பூவின் சாறு இரத்தச் சூட்டைத் தணிக்கும் என்றார். எப்படிச் செய்வது என்றும் விவரமாகச் சொன்னார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, டாக்டர் கொடுப்பதை இதற்காக நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பிள்ளைமடுவத்தைச் சுற்றி, தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த இடத்தைச் சுற்றி, செம்பரத்தை வேலி இருந்தது. ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் போய் ஏழெட்டுப் பூ பறிப்பேன். காம்பையும் பச்சைப் புல்லியையும் நடுவில் நீட்டி நிற்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் மண்சட்டியில் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இதழ்கள் வெளுத்துத் துணி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் கருநீலமாக, மை கரைத்ததுபோல் இருக்கும். பார்க்கவே குடிக்கத் தோன்றாது. அதில் அரைத் தேசிக்காயை, எலுமிச்சையை, பிழிந்தால் சட்டியே பளீரென்று சிவந்துபோகும். முதல் நாள் அதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், கண்ணுக்கு முன்னால் வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. பூ குறையும் பனி மாதங்களுக்காக இதழ்களை அடுப்புக்கு மேலே தட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டேன்.

அண்ணன் தினமும் மறுக்காமல் குடித்தார். இரண்டு மாதத்தில் அவர் முகத்திலிருந்த செம்மை போயிற்று. தலைவலி நின்றது. மூக்கில் இரத்தம் மறுபடி வரவில்லை. மூக்கடைப்பு மட்டும் எப்போதும் இருந்தது. இருந்தாற்போல் கண் சொருகி உட்கார்ந்திருப்பார். ஸ்டோரின் தூசியும் அலுப்பும் என்று நினைத்து நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கவைத்தேன். எனக்கு அந்த நாட்களில் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்குச் செய்ய முடியாததை அண்ணனுக்குச் செய்துவிட்டேன் என்று மலையில் பாட்டுக்கூடப் பாடினேன்.

சேதி லயத்தில் பரவியது. கழுத்து வலிக்கிறவர்களும் தலை சுற்றுகிறவர்களும் வந்து கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. பதினொரு வீடுகளுக்கு நான் அந்தப் பூத்தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன். கை வைத்தியக்காரி என்று என்னைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணமாகாதவள் என்பதைத் தவிர எனக்கென்று ஒரு பெயர் கிடைத்தது அப்போதுதான். அதை நான் விரும்பினேன். இன்று எழுதும்போது அதை மறைத்துப் பயனில்லை.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காதான் எனக்கு எல்லாவற்றிலும் துணை. என்னைவிட நாலு வயது கூட. அம்மா படுத்திருந்தபோது, நான் மலைக்குப் போகும் நேரத்தில் ஓடிவந்து ஓடிவந்து பார்த்துக்கொண்டவள். இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். கொழுந்து பறிப்பதில் அக்காவை முந்த எங்கள் கும்பலில் ஆளில்லை. இரண்டு கையும் செடிமேல் பறக்கும்.

அவளுக்கும் பிரஷர் இருந்தது. டாக்டரய்யா பார்த்து மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம்போலக் குடித்தாள். குடித்தால் மலையில் நிற்கும்போதே தூக்கம் வருகிறது, மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சுவிட முடியவில்லை, சரிவில் கால் நிற்கவில்லை என்றாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கானோரத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டாள்.

“ஒங்க அண்ணன் மாத்திர எதுவும் போடுறாரா புள்ள?”

“ஒண்ணுகூடப் போடலக்கா. இந்தத் தண்ணி மட்டுந்தான்,” என்றேன்.

எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவளுக்கும் ஒரு கோப்பை போனது. மாத்திரையை நிறுத்திவிட்டாள். தூக்கக் கலக்கம் போய்விட்டது, மூக்கு திறந்துவிட்டது, பழையபடி கை ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், மழை விட்டு வெயில் வந்திருந்தது. அக்கா எனக்குப் பக்கத்து நிரையில் நின்றாள். ஏதோ சொன்னாள். சொல் குழறியது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வலது கை செடியின் மேல் அலைந்துகொண்டிருந்தது. கொழுந்து விரலுக்குள் வரவில்லை.

இந்த முறை நான் குளிர் என்று நினைக்கவில்லை. கூடைக் கயிற்றை அவள் தலையிலிருந்து எடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். என்மேல் சாய்ந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவளுடைய கம்பளியை விரித்து அதிலேயே கிடத்தி, நாலு பேர் நாலு முனையைப் பிடித்துச் சரிவில் இறக்கினோம். டிஸ்பென்சரி வாசலில் வைத்தபோது டாக்டரய்யா ஓடிவந்து பார்த்தார். கருவியைக் கட்டினார். பாதரசம் ஏறிக்கொண்டே போனது. கொழுந்து லொறியை வரச்சொல்லி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அக்காவின் கணவரும் அவளோடு போனார். லொறி வளைவு திரும்பிய பிறகு டாக்டரய்யா என் பக்கம் திரும்பினார்.

ஐந்து மாதமாக இவள் மாத்திரை வாங்க வரவே இல்லையே, ஏன் என்று கேட்டார். நான் பூத்தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். என் அண்ணனுக்கு அதனால்தான் குணமானது என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“உங்கட அண்ணன் ரெண்டு வருசமா என்னட்ட வந்து மாத்திரை எடுக்கிறாரே அம்மா. ஒரு தவணையும் விட்டதில்ல. உங்களுக்குத் தெரியாதோ?” என்றார்.

நான் வாசலை விட்டு இறங்கினேன். மலைக்குத் திரும்பினேன். கூடை அங்கேயே கிடந்தது, என்னுடையதும் அக்காவுடையதும். அவள் பறித்திருந்த கொழுந்து வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது.

வேலை விட்டதும் நேராக ஸ்டோருக்குப் போனேன். பெண்கள் அந்த நேரத்தில் அங்கே போவதில்லை. அண்ணன் மெஷினை விட்டுவிட்டு வெளியே வந்தார். சேதி அவருக்கு ஏற்கனவே எட்டியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள். ஸ்டோரிலேயே வைத்து தினமும் ஒன்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மூக்கடைப்பும் கண் சொருகலும் மாத்திரையால் வந்தவை என்று அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கு வந்த அதே தொல்லைகள்தான். என் கண்ணெதிரே இருந்தும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ அந்தச் சட்டியப் பாத்துச் சிரிச்ச. அம்மா விழுந்ததுக்கப்புறம் நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல புள்ள,” என்றார்.

வாழ்நாளில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் அதிகம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மாத்திரையைக் கானில் கொட்டி, தொடமாட்டேன் என்று சொல்லவைத்தவள் நான். பொய் சொல்லும்படி அவரை ஆக்கியதும் நான்தான். இருந்தாலும் இருபது நாளுக்கு மேல் அவரிடம் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன்.

அந்த இடைவெளியில் அண்ணன் தனியாகப் போய் அக்காவின் கணவரைப் பார்த்திருக்கிறார். தவறு தன்னுடையது, தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கீங்க,” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வருஷத்துக்குமேல் அவர் எங்களோடு பேசவில்லை. அதில் நியாயம் இல்லையென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் மறுபடி டிஸ்பென்சரிக்குப் போனேன். அந்தப் பூ விஷமா என்று கேட்பதற்காக. டாக்டரய்யா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

“பூ நஞ்சில்ல அம்மா. கொஞ்சம் அழுத்தத்தக் குறைக்கவும் கூடும். எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அளந்து பாக்காமல் ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார். பிறகு, நான் கானில் கொட்டிய அந்த மாத்திரையே ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்ததுதான் என்றும் சொன்னார். அதை யாரோ பொறுமையாக அளந்து, எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று பார்த்திருக்கிறார்கள். என் சட்டியில் நான் நிறத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அன்று மாலையும் அடுத்த மாலையும் அந்தப் பதினொரு வீடுகளுக்கும் போனேன். என் அண்ணன் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார், நான் உங்களிடம் சொன்னது தவறு, நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போய் அளந்து பாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்.  சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு வீட்டில் நான் சொன்னதை நம்பவே இல்லை. பூத்தண்ணீர் கொடுக்க மனமில்லாமல் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார்கள். அவர்களை மட்டும் கையைப் பிடிக்காத குறையாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்திக்கு அழுத்தம் சரியாகவே இருந்தது. கண்பார்வைக் கோளாறால் வந்த தலைவலிக்கு இத்தனை நாளாக என் பூவைக் குடித்திருக்கிறாள்.

அக்கா ஆறு வாரத்தில் திரும்பி வந்தாள். வலது கை தொங்கியது. காலை இழுத்து இழுத்து வைத்தாள். பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவள் கணவர் வேலைக்குப் போன பிறகு நான் போவேன். தலை வாரிப் பின்னுவேன், சேலை கட்டிவிடுவேன். டாக்டரய்யா காட்டிக் கொடுத்தபடி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவேன். அதன்பிறகு பெரட்டுக்கு ஓடுவேன். முதல் சில மாதங்கள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவள்மேல் வைக்க எனக்குத் துணிவில்லை.

மறு வருஷம் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு முந்திய நாள், தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள். சொற்கள் நின்று நின்று வந்தன.

“நீ சொன்னதால… நான் மாத்திரய விடல புள்ள. அத விடணும்னு… எனக்கே ஆசயா இருந்துச்சு. கை ஓடல, கொழுந்து கொறஞ்சுச்சு. யாராச்சும் விடுன்னு சொல்லமாட்டாங்களான்னு… பாத்துக்கிட்டு இருந்தேன். நீ சொன்ன.”

 அவள் சொன்னது என் குற்றத்தை எடுத்துவிடவில்லை. ஆனால் அதில் எனக்குரிய பங்கு எவ்வளவு என்று முதல் முறையாகத் தெரிந்தது. முழுவதையும் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட அது கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்தது. மீதிப் பின்னலைப் போட்டு முடித்தேன். அன்று அவளுக்குப் பூ வைத்துவிட்டபோது என்னைக் கண்ணாடியில் பார்த்தாள்.

அண்ணன் அதன்பிறகு மாத்திரையை வீட்டிலேயே வைத்து, எனக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார். இரண்டு நாட்டு ஒப்பந்தத்தால், இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று லயமெல்லாம் பேச்சாக இருந்த அறுபதுகளின் நடுவிலும் அவர் ஸ்டோரில்தான் வேலை செய்தார். பாரிசவாதம் அவரைத் தொடவில்லை. பூத்தண்ணீர் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். புளிப்பாக நன்றாகத்தானே இருக்கும், போடு என்றார்.

அக்கா மாதத்துக்கு ஒருமுறை டிஸ்பென்சரிக்குப் போவாள். நான்தான் துணை. ஒரு நாள் அவளை அளந்து முடித்து டாக்டரய்யா கருவியை மூடப்போனபோது, அவள் இடது கையால் என் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தாள். இவளையும் பாருங்கள் என்று சைகை காட்டினாள். நான் வேண்டாம் என்றேன். பதினொரு வீட்டுக்கு மருந்து கொடுத்தவள், அத்தனை பேரையும் அளந்து பார்க்கச் சொன்னவள், என் கையில் அந்தத் துணிப்பட்டியை ஒருமுறைகூடக் கட்டிப் பார்த்ததில்லை. அக்காவே என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள்.

பட்டி இறுகியது. கையில் நாடி துடிப்பது விரல் நுனிவரை தெரிந்தது. டாக்டரய்யா ஒரு முறை பார்த்தார், காற்றை விட்டுவிட்டு மறுபடி பார்த்தார். அதிகமாகத்தான் இருக்கிறது, இன்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். அம்மாவின் இரத்தம்தானே என்று எனக்குத் தோன்றியது. காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்று மத்தியானம் மலைக்குப் போகவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நடைக்குத் தக்கபடி, மெதுவாக, இரண்டு பேரும் லயத்துக்கு ஏறினோம்.